அப்பாவின் நீல வேட்டி

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் கல்லூரியில் தத்துவம் படித்தேன். கேட்ட பாடம் கிடைக்கவில்லை, இதில் இடம் இருந்தது. நிறம் என்பது பொருளில் இருக்கிறதா, பார்க்கிறவன் புத்தியில் இருக்கிறதா என்று மாதக்கணக்கில் வகுப்பு நடந்தது. எங்கள் வீட்டில் அந்தக் கேள்வி கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

அப்பா காரைக்காலில் மேரியில் வேலை பார்த்தார். நகராட்சியைப் பழைய ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்கு வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. இரண்டையும் அம்மாதான் வெளுத்து, கடைசி அலசலில் நீலம் போடுவாள். வேட்டி மஞ்சளடிக்கிறது என்று நீலத்தைக் கூட்டினாள். பிறகு இன்னும் கூட்டினாள். கிணற்றில் உப்பு ஏறிவிட்டது என்றாள், சோப்பில் கலப்படம் என்றாள். கிணறும் சோப்பும் ஒழுங்காகத்தான் இருந்தன. அம்மாவின் கண்களில் புரை விழுந்து, வெள்ளையெல்லாம் அவளுக்கு மஞ்சளாகத் தெரிந்தது. அப்பா பளிச்சென்ற நீல வேட்டியில் பூசைக்குப் போய்வந்தார்.

கோயிலில் பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா அவரைப் பெருமையாகப் பார்ப்பாள். மற்ற ஆண்களின் வேட்டி அவளுக்குப் பழுப்பாகத் தெரியும். "பாவம், அவங்க வீட்டுப் பொம்பளைங்களுக்கு வெளுக்கத் தெரியலை" என்று வீட்டுக்கு வந்து இரக்கப்படுவாள். சிரித்தவர்களும் அப்பா முகத்துக்காக அவளிடம் வாய் திறக்கவில்லை. எங்களையும் அப்பா சொல்ல விடவில்லை.

"அவளுக்கு இருக்குற ஒரே பெருமை அதுதான். வேட்டி எந்தக் கலரா இருந்தா என்னடா?"

விடுமுறையில் வந்த நான் பொதுப்படையாகச் சொல்லிப் பார்த்தேன்.

"நிறம் துணியில இல்லம்மா. பாக்குற கண்ணுலதான் இருக்கு."

"அப்ப கடையில நீலம் எதுக்குடா விக்கிறான்?"

எங்கள் பேராசிரியரிடம் இதற்குப் பதில் இருந்திருக்கும்.

அம்மா வாசற்படி தெரியாமல் விழுந்த பிறகுதான் அவளைக் கண் முகாமுக்கு அழைத்துப் போனோம். வலது கண்ணில் அறுவை சிகிச்சை செய்தார்கள். இடது கண்ணில் புரை முற்றி, அழுத்தம் ஏறி, நரம்பு செத்துப்போயிருந்தது. இனி அதில் பார்வை வராது, முன்பே அழைத்து வந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். அப்பா தலையாட்டினார்.

கட்டுப் பிரித்து, தடிக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்த அம்மா முதலில் கொடியைப் பார்த்தாள்.

"யாரு வீட்டு வேட்டி இது?"

"என்னோடதுதான்" என்றார் அப்பா.

அம்மா அதை இழுத்துக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இதைக் கட்டிக்கிட்டா கோயிலுக்குப் போனீங்க?"

"உனக்கு வெள்ளையாத் தெரிஞ்சுதில்ல."

எனக்குச் சிலிர்த்துவிட்டது. நான் படித்த எந்தக் கொள்கையையும் யாரும் இவ்வளவு அன்பாகச் சொன்னதில்லை. அம்மாவுக்கு அப்படித் தோன்றவில்லை.

"ஊரு சிரிச்சா சிரிச்சுட்டுப் போவுதுங்க. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எனக்கு ரெண்டு கண்ணும் இருந்திருக்கும்."

அன்றைக்கு எனக்கு அப்பா மேல் கோபம் வந்தது, அழுகையும் வந்தது.

அதற்குப் பிறகு, சாகும்வரைக்கும், தெருவில் அப்பா அம்மாவுக்கு இடப்பக்கமாகவே நடந்தார்.