மூன்று முறை அலச வேண்டிய துகள்கள்

மருந்து ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு 'அலசல் அக்கா' என்று பெயர். கண்ணாடிக் குடுவையோ காபிக் கோப்பையோ, அவள் கைப்பட்டால் பளிச்சென்று இருக்கும். பதினெட்டு வருடமாக அங்கே உதவியாளர்.

அப்போது அவள் கையில் இருந்தது கண்ணுக்கே தெரியாத பாலிமர் துகள்கள். கடற்பஞ்சைப் போல உள்ளெல்லாம் ஓட்டை. அந்த ஓட்டைகளில் புற்றுநோய் மருந்தை ஏற்றி அனுப்பினால், நேராகப் புற்றுக்கட்டிக்கே போய், நாலைந்து நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிய வேண்டும். ஆனால் சோதனையில் பாதி மருந்து முதல் மணி நேரத்திலேயே வெளியே கொட்டியது. ஆய்வை நடத்திய பெண் விஞ்ஞானி பாலிமரை மாற்றினார், ஓட்டையைச் சிறிதாக்கினார். இரண்டு மாதம் ஓடியதுதான் மிச்சம்.

மருந்தில் ஊறிய துகள்களை மூன்று முறை அலச வேண்டும் என்பது விதி. அப்போதுதான் வெளியே ஒட்டியிருப்பது போகும். இவள் ஒரு முறையோடு நிறுத்திக்கொண்டாள். அதே மருந்துதான் மூன்று வாரத்துக்கு ஒருமுறை புற்றுநோய் வந்த அவள் தம்பியின் உடம்பில் சொட்டுச் சொட்டாக ஏறியது. அலசிய நீரோடு அதைக் கழிவு கேனில் ஊற்ற அவளுக்குக் கை வரவில்லை.

தம்பிக்கு வாயெல்லாம் புண். ஆறிய பாலைக்கூட விழுங்க முடியாமல் ஒருநாள் கேட்டான்: "உங்க மருந்து வந்தா இப்படி ஆகாதுல்ல, அக்கா?"

"உனக்கு வராதுடா. இன்னும் எலிக்கே போட்டுப் பார்க்கல. பத்து வருஷமாவது ஆகும்."

"சரி, அந்த எலியையாவது காக்க வைக்காதே" என்று சிரிக்கப் பார்த்தான். புண் விடவில்லை.

அவளுக்குச் சுருக்கென்றது. மறுநாள் காலையில் விஞ்ஞானியின் அறைக்குப் போனாள்.

"மேடம், தப்பு பாலிமர்ல இல்ல. நான் ஒரு தடவைதான் அலசினேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். ஏன் என்று கேட்டார். தம்பியைப் பற்றிச் சொன்னாள். முதல் வாரமே சொல்லியிருக்கலாமே என்றார். குரலில் கோபம் இருந்தது. பிறகு எழுந்தார். "வாங்க, என் முன்னாடி செய்யுங்க."

இரண்டாவது அலசல் நீரைக் கழிவு கேனில் ஊற்றும்போது அவள் பாதியில் நிறுத்தினாள். விஞ்ஞானி கேனைப் பிடித்துக்கொண்டார்.

மூன்று முறை அலசிய அந்தத் துகள்கள் முதல் மணி நேரத்தில் கசியவிட்டது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மீதி வெளிவர நான்கு நாள் ஆயிற்று. அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, வேலை போகவில்லை.

தம்பி பழைய முறையிலேயே ஆறு சுற்றுச் சிகிச்சையையும் தாங்கிவிட்டான். கட்டி சுருங்கியிருந்தது. எலிகளுக்கு முதல் ஊசி போட்ட வாரம், அவன் அரை நாள் வேலையாக மறுபடி பேருந்து ஓட்டப் போனான்.