கூப்பிட்டால் வராத குட்டி

ஊசி கேட்டு வந்தவர்

அரசாங்க மிருக வைத்தியர் வேலையை விட்டுவிட்டு மாத்தளை டவுனில் சொந்தமாகக் கிளினிக் திறந்த முதல் மாதம் அது. அதுவரை கலேவெல, நாலந்தா பக்கம் மாட்டுப்பட்டி மாட்டுப்பட்டியாக ஏறி இறங்கியவள் நான். டவுனுக்கு வந்ததும் காலையிலிருந்து மாலை வரை நாய்க்குட்டிகள்தான். புதிதாகக் குட்டி வளர்ப்பவர்கள் கேட்கிற கேள்விகளும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். பசும்பால் கொடுக்கலாமா? வேண்டாம், வயிற்றால் போகும். எத்தனை தரம் சாப்பாடு போடுவது? கொஞ்சம் கொஞ்சமாக மூன்று நான்கு தரம். செருப்பைக் கடிக்கிறதே? பல் முளைக்கிறது, கடிப்பதற்கு வேறு ஏதாவது கொடுங்கள். இதையே நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் காலையில் ஒருவர் பிஸ்கட் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். ரத்தோட்டைக்கு மேலே ரிவர்ஸ்டன் போகிற வழியில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்து பேக்டரியில் எலக்ட்ரீஷியன். பெயர் யோகன். பின்னாலேயே அவருடைய மனைவி ஸ்டெல்லா. பெட்டிக்குள் உடம்பெல்லாம் வெள்ளையாக, ஒரு கண் மட்டும் நீலமாக ஒரு குட்டி இருந்தது. மூன்று மாதத்தைத் தாண்டியிருக்கும்.

உட்காரச் சொன்னேன். அவர் உட்காரவில்லை.

"ஊசி போட்டு முடிச்சிருங்க டொக்டர். புள்ளயக் கடிச்சிருச்சு."

முதலில் பிள்ளையைப் பற்றித்தான் கேட்டேன். ஏழு வயது மகள் திலானி. மணிக்கட்டில் பல் பதிந்திருந்தது. ஸ்டெல்லா உடனே பைப்படிக்குக் கூட்டிக்கொண்டு போய், சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரியில் காட்டி ஊசியும் போட்டிருந்தார். கடித்தது குட்டிதானே என்று அலட்சியம் செய்கிறவர்கள் நிறையப் பேர். அவர் அப்படிச் செய்யவில்லை என்பதைக் கேட்டபோது எனக்குப் பாதி நிம்மதி வந்தது.

எப்படிக் கடித்தது என்று விசாரித்தேன். வாசல்படியில் தூங்கிக்கொண்டிருந்த குட்டியைத் திலானி பின்னாலிருந்து வாரித் தூக்கியிருக்கிறாள். அது திடுக்கிட்டுக் கடித்துவிட்டது. யோகனுடைய கோபம் அதோடு நிற்கவில்லை. கூப்பிட்டால் வருவதில்லை, அதட்டினால் நிற்பதில்லை, பெயர் சொன்னால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, பிறவியிலேயே பொல்லாத சாதி என்று அடுக்கிக்கொண்டே போனார்.

கடித்த நாயை உடனே கொல்லக்கூடாது என்று அவருக்குச் சொன்னேன். இரண்டு வாரமாவது உயிரோடு வைத்துப் பார்க்க வேண்டும். அது சுகமாக இருந்தால் விசர்நாய்க்கடி என்கிற வெறிநோய் பற்றிய பயம் நீங்கும். கொன்றுவிட்டால் அதை அவ்வளவு லேசாக அறிய முடியாது. அந்த இரண்டு வாரமும் வீட்டில் வைத்திருக்க அவருக்கு மனமில்லை. அப்படியானால் கிளினிக்கின் பின்னாலுள்ள என் கூட்டில் விட்டுவிட்டுப் போங்கள், பிறகும் வேண்டாமென்றால் பேசிக்கொள்வோம் என்றேன். யோகன் சரியென்று தலையை ஆட்டினார்.

போகும்போது ஸ்டெல்லா பெட்டிக்குள் ஒரு விரலை நீட்டினார். குட்டி அதை நக்கியது. பெயர் என்ன என்று கேட்டேன்.

"சுதுன்னு வச்சோம் டொக்டர். வெள்ளையா இருக்குதுல்ல" என்றார். சிங்களத்தில் சுது என்றால் வெள்ளை.

சாப்பாட்டு நேரம்

கிளினிக்கின் பின்பக்கத்தில் நான்கைந்து கூடுகள். மத்தியானத்தில் உதவியாளர் சமையற்கட்டில் எவர்சில்வர் தட்டுகளை எடுக்கிற சத்தம் கேட்டதுமே எல்லாக் கூடுகளிலும் குதியும் குரைப்பும்தான். சுது மட்டும் சுருண்டு படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. முதல் நாள் பயணக் களைப்பு என்று நினைத்தேன். அடுத்த நாளும் அப்படியே. பக்கத்துக் கூட்டு நாய் கம்பியை உலுக்கிக் குரைத்தபோதும் அது கண்ணைத் திறக்கவில்லை. தட்டை மூக்குக்கு நேரே வைத்த பிறகுதான் எழுந்தது.

அன்று மாலை கிளினிக்கில் கூட்டம் குறைந்ததும் அதை வெளியே எடுத்துத் தரையில் விட்டேன். அது முதுகைக் காட்டி நிற்கும்போது பின்னாலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்கினேன். காது மடல் அசையவில்லை. விசில் அடித்துப் பார்த்தேன். இரண்டு சட்டி மூடிகளை ஒன்றோடொன்று தட்டினேன். நான் கை அசைப்பது அதற்குத் தெரியவும் கூடாது, காற்று அதன்மேல் படவும் கூடாது. அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் செய்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் அது நின்ற பலகைத் தரையைக் காலால் ஓங்கி மிதித்தேன். அந்த அதிர்வில் விருட்டென்று திரும்பியது. என் முகத்தைக் கண்டதும் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தது.

காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தேன். அழுக்கோ புண்ணோ இல்லை. இப்படி உடம்பெல்லாம் வெள்ளையாக, நீலக் கண்ணோடு பிறக்கிற குட்டிகளில் சிலவற்றுக்குச் செவி கேட்காமல் போவதுண்டு. கருவி வைத்து நிச்சயப்படுத்த எங்கள் ஊரில் வசதி இல்லை. அதனால் வேறு வேறு நாட்களில், வேறு வேறு நேரத்தில் அதே சோதனையைச் செய்தேன். ஒவ்வொரு தடவையும் அதே பதில்தான்.

இரண்டு வாரமும் கழிந்தது. குட்டி நன்றாகச் சாப்பிட்டு, நன்றாக விளையாடியது. சொன்னபடியே அவர்கள் வந்தார்கள். இந்தத் தடவை திலானியும் வந்திருந்தாள். தாயின் சேலைக்குப் பின்னால் ஒளிந்து நின்றாள்.

சுதுவைத் தரையில் விட்டு, யோகனை அதன் பின்னால் போய் நின்று கூப்பிடச் சொன்னேன். கூப்பிட்டார். இன்னும் பலமாகக் கூப்பிடச் சொன்னேன். அவர் போட்ட சத்தத்தில் பின்கூட்டு நாய்கள் எல்லாம் குரைத்தன. சுது என் செருப்பு வாரை இழுத்துக்கொண்டிருந்தது.

"இதுக்குக் காது கேக்காதுங்க" என்றேன்.

யோகன் குனிந்து குட்டியின் காதைத் தொட்டுப் பார்த்தார். "கூப்பிட்டா வரல்லன்னு செருப்பால அடிச்சேன் டொக்டர்" என்றார். அப்போதுதான் பெஞ்சில் உட்கார்ந்தார்.

நான் எதையும் மூடி மறைக்கவில்லை. செவிட்டுக் குட்டியை வளர்க்கலாம், ஆனால் லேசில்லை. ரோட்டில் ஒருபோதும் அவிழ்த்துவிட முடியாது. தூங்கும்போது தொட்டால் திடுக்கிடும். வீட்டில் பிள்ளை இருக்கிறது. முடியாதென்றால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, வேறு வீடு தேடலாம் என்று சொன்னேன்.

திலானிதான் முதலில் கேட்டாள். "அப்ப அது பேரு அதுக்கே தெரியாதா?"

தெரியாது என்றேன். அவள் சேலையை விட்டுவிட்டு முன்னால் வந்தாள்.

பிள்ளைக்காம்பராவின் கை

குட்டியைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போவதென்று அவர்கள் முடிவு செய்ததும் மூன்று பாடம் சொல்லிக்கொடுத்தேன். முதல் பாடம் எழுப்புவது. தூங்குகிற குட்டியின் மூக்கருகே கையை வைத்து மணக்கவிட வேண்டும். பிறகு எப்போதும் ஒரே இடத்தில், தோள்பட்டையில், மெதுவாகத் தொட வேண்டும். கண்ணைத் திறந்ததும் அவித்த ஈரலில் ஒரு சின்னத் துண்டு. தொட்டால் நல்லது நடக்கும் என்று அதற்குப் பதிய வேண்டும். பெரியவர்கள் மட்டும்தான் இதைச் செய்யலாம், அது வாலை ஆட்டிக்கொண்டு எழும்பப் பழகிய பிறகுதான் திலானி தொடலாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

இரண்டாவது கைச்சாடை. வா என்பதற்கு ஒன்று, இரு என்பதற்கு ஒன்று, நல்லது என்பதற்கு ஒன்று. வீட்டில் எல்லாரும் ஒரே மாதிரிக் காட்ட வேண்டும். இதைச் சொன்னதும் ஸ்டெல்லாவின் முகம் மலர்ந்தது. அவருக்கு வேலை தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில். தாய்மார் கொழுந்து பறிக்கப் போனதும் அத்தனை கைப்பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வது அவர்தான்.

"எல்லாம் ஒண்ணா அழுவுறப்ப என் சத்தம் எங்க டொக்டர் கேக்கப் போவுது? கையக் காட்டித்தான் உக்கார வைப்பேன். அதே கையக் காட்டலாமா?"

தாராளமாக என்றேன். ஆக, அந்தத் தோட்டத்துப் பிள்ளைகள் உட்காருவதும் சுது உட்காருவதும் ஒரே கைக்கு என்றாகிவிட்டது.

மூன்றாவதுதான் முக்கியம். குட்டி தானாக உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் ஏதாவது கொடுங்கள். வேறொன்றும் செய்ய வேண்டாம். நீளக் கயிற்றில் கட்டி நடத்துங்கள், அது திரும்பிப் பார்க்கும் வரை பொறுத்திருங்கள். காதால் கூப்பிட முடியாத நாயைக் கண்ணால்தான் கூப்பிட முடியும். அது பார்க்கிற பழக்கம் வந்தால்தான் நம் சாடைக்கு வேலை.

அது யோகனுடைய பொறுப்பாயிற்று. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வந்து அதை நடத்தினார். பின்கதவுக்கு மேலே ஒரு பல்பு பூட்டி, இருட்டியதும் அதை இரண்டு தரம் அணைத்துப் போட்டால் சுது வீட்டுக்குள் வரும்படி பழக்கியிருந்தார். அடுத்த தடுப்பூசிக்கு வந்தபோது, பேக்டரியில் புது மெஷின் பூட்டியவர் மாதிரி அதை எனக்கு விளக்கினார். கயிற்றைக் கடித்து அறுத்த நாளும், பழகியதையெல்லாம் மறந்தது போல நின்ற வாரமும் இருந்தன. செவிட்டு நாய் வீட்டுக்கு ஆகாது என்று அக்கம்பக்கத்தில் பேச்சும் வந்ததாம். அது என் வீட்டு நாய் என்று சொல்லி யோகன் பேச்சை முடித்துவிட்டாராம்.

பெரட்டுக்களத்தில்

அந்த வருடக் கடைசியில் அந்தத் தோட்டத்திலேயே நாய்களுக்கு விசர்நாய்த் தடுப்பூசி போடுகிற நாள் வந்தது. உதவிக்கு நானும் போனேன். காலையில் ஆட்கள் வேலைக்குக் கூடுகிற பெரட்டுக்களத்தில் மேசை போட்டிருந்தார்கள். மேட்டிலிருந்து பனி இறங்கிக்கொண்டிருந்தது. கயிற்றிலும் சங்கிலியிலும் கையிலுமாக நாய்கள். ஒரே இரைச்சல்.

வரிசையின் நடுவில் திலானி நின்றாள், பக்கத்தில் சுது, கொஞ்சம் தள்ளி யோகன். நன்றாக வளர்ந்திருந்தது. அவளுக்கு முன்னால் நின்ற இரண்டு நாய்கள் திடீரென்று சண்டை பிடித்தன. கயிறுகள் சிக்கின. சுது பயந்து பின்னால் இழுத்த இழுப்பில் கழுத்துப்பட்டி தலை வழியாகக் கழன்று வந்துவிட்டது. அது களத்தைத் தாண்டிக் கீழே ரோட்டுப் பக்கம் ஓடியது. ரோட்டில் கொழுந்து லொறி இறங்கிக்கொண்டிருந்தது.

களத்தில் நின்றவர்கள் எல்லாம் அதன் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். யோகன் ஓடினார். நானும் ஊசியை மேசையில் போட்டுவிட்டு எழுந்தேன். திலானி கத்தவும் இல்லை, ஓடவும் இல்லை. வரிசையை விட்டு விலகி, யாரும் மறைக்காத மேட்டு விளிம்பில் போய் நின்று ஒரு கையை உயரத் தூக்கிக்கொண்டாள். அந்தப் பனியில் அவள் தெரிவாளா என்பதே எனக்குச் சந்தேகம்.

சுது ரோட்டோரத்தில் நின்றது. தரையை மோந்தது. பிறகு திரும்பிப் பார்த்தது.

திலானி வா என்ற சாடையாகக் கையை அகல விரித்தாள். சுது அப்படியே திரும்பி, மேட்டில் பாய்ந்து ஏறி அவளிடம் வந்தது. அதற்குப் பின்னால் லொறி தன் பாட்டுக்குப் போயிற்று. திலானி நல்லது என்று பெருவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஈரல் துண்டு எடுத்துக் கொடுத்தாள். பிறகு கழுத்துப்பட்டியை இன்னொரு துளை இறுக்கி மாட்டினாள். யோகன் பாதி வழியில் நின்றுவிட்டிருந்தார்.

வரிசையில் நின்ற ஒருவர், கூப்பிட்டால் கேட்காத நாயை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவளிடம் கேட்டார்.

"கூப்பிடத் தேவயில்ல மாமா. அதுவே பாக்கும்" என்றாள்.

சுதுவுக்கு ஊசியை நானே போட்டேன். எத்தனையோ கஷ்டமான கன்று ஈனல்களைப் பார்த்து முடித்திருக்கிறேன், பாராட்டும் வாங்கியிருக்கிறேன். ஆனால் என் வேலையை நினைத்து நான் நெஞ்சு நிமிர்ந்து மலை இறங்கியது அந்த நாளில்தான். ஊசி கேட்டு வந்த குடும்பத்துக்கு ஒரு நாயைக் கொடுத்தனுப்பியிருந்தேன். மிச்சத்தையெல்லாம் செய்தவர்கள் அவர்கள். அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு என்று சொல்லிக்கொள்ள நான் கூச்சப்படவில்லை.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். சொல் கேட்காத குட்டி, அடம் பிடிக்கிற குட்டி என்று யாராவது கொண்டு வந்தால் அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அதற்குக் கேட்கிறதா, கண் தெரிகிறதா, எங்காவது வலிக்கிறதா என்று முதலில் பாருங்கள். மூன்றும் சரியாக இருந்தால், அதற்குச் சொல்லிக்கொடுத்த விதத்தைப் பாருங்கள். அதற்கு மேலும் ஒரு காரணம் தேடவேண்டிய குட்டி ஒன்று இன்றுவரை என் மேசைக்கு வரவில்லை.