தங்கத்தாயின் மோட்டார் உதைத்த உதை

மேலகரத்துத் தங்கத்தாய் தன் ஆயுளில் ஆறு பற்களை உடைத்திருக்கிறாள். அதில் ஒன்று அவளுடையதே. கல்யாணமான நாலாம் நாள், தென்காசி ரயில் நிலையத்து வாசலில் நின்ற மோட்டார் காரைப் பார்த்து, "பொம்பளை எதுக்குலே முன் சீட்டுல உக்காந்திருக்கா?" என்று கேட்ட ஜட்கா வண்டிக்காரனை முட்டப் பாய்ந்தாள். அவன் குனிந்துகொண்டான். முட்டு குதிரைக்கு விழுந்தது. இவளுக்கு ஒரு பல் போயிற்று. அந்தக் குதிரையோ, சாகிற வரைக்கும் மோட்டார் சத்தம் கேட்டால் தானாகவே வாய்க்காலில் இறங்கி நின்றது.

அந்த மோட்டாரை ஓட்டியவன் அவள் புருஷன் சிவனணைந்தபெருமாள். ஈயை விரட்டக்கூட அதனிடம் உத்தரவு கேட்கிற சுபாவம். சாரல் காலத்தில் ரயிலில் வந்து இறங்குகிறவர்களைக் குற்றாலத்து அருவிக்குக் கொண்டுபோய் விடுவதுதான் பிழைப்பு. அவன் அப்பா விட்டுப்போனது ஒரு தென்னந்தோப்பும் இந்த மோட்டாரும். தோப்பு அண்ணன் பரமசிவனுக்கு, மோட்டார் தம்பிக்கு என்று பாகம் பிரிந்தது. பரமசிவன் நாலே வருஷத்தில் தோப்பைச் சேவல் சண்டையில் தொலைத்துவிட்டு, மோட்டார் மேல் கண்ணை வைத்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலு, வைகாசிக் கடைசி. மோட்டார் இருமிக்கொண்டு ஓடியது. சிவனணைந்தபெருமாள் எஞ்சினைப் பிரித்து, முற்றத்தில் சாக்கு விரித்துப் பரப்பிவிட்டான். அதைச் சாக்காக வைத்துப் பரமசிவன் ஊர்க்கூட்டத்தில் போய் நின்றான்.

"இவன் வண்டி ஓட்டவா செய்யுதான்? ஆட்டைக் கூறுபோட்ட மாதிரி அறுத்துல்லா போட்டிருக்கான். அப்பன் சொத்து துருப்பிடிச்சுப் போகுது, அண்ணாச்சி!"

கூட்டத்தார் பேசி முடிவு சொன்னார்கள். ஆடி முதல் தேதி காலையில் மோட்டார் கிளம்பிக் குற்றாலம் ரோட்டில் ஏறினால் தம்பிக்கு. ஏறாவிட்டால் அண்ணனுக்கு.

ஒரு மாதம் இருந்தது. எஞ்சினைத் திரும்பப் பூட்டிவிடலாம்தான். ஆனால் அந்த வாரமே ஊரில் அம்மை இறங்கிவிட்டது.

மேலத்தெருவில் மட்டும் ஏழு வீடு. ஏழு வீட்டு வாசலிலும் வேப்பிலை. அப்படிச் செருகிவிட்டால் மூன்று தண்ணீர் தலைக்கு விடுகிற வரைக்கும் அந்த வீட்டார் வெளியே வரக் கூடாது, வெளியார் உள்ளே போகக் கூடாது. கடுகு தாளிக்கக் கூடாது. எண்ணெய் வாடை ஆகாது. உலக்கைச் சத்தமும் இரும்புச் சத்தமும் ஆத்தாளுக்குப் பிடிக்காது. ஏழாவது வீடு சிவனணைந்தபெருமாளுடையது. உள்ளங்கால் வரைக்கும் முத்து. இமை இரண்டும் ஒட்டி வீங்கிவிட்டன. வாழையிலையில் கிடந்தபடி முனகினான்.

"ஏட்டி, முடிஞ்சுபோச்சு. வண்டி அண்ணனுக்குத்தான்."

"கண்ணுதான மூடியிருக்கு? வாய் தெறந்துதான கெடக்கு? நீரு சொல்லும், நான் பூட்டுதேன்."

"உனக்கு என்னட்டி தெரியும்?"

"அஞ்சு வருசமா முன் சீட்டுல உக்காந்து வேடிக்கையா பார்த்தேன்? உம்ம கையத்தான் பார்த்தேன்."

ஒவ்வொரு சாமானாக அவன் காதருகே கொண்டுபோய் நகத்தால் சுண்டுவாள். அவன் சத்தத்தைக் கேட்டுச் சொல்லுவான்: "அது ரெண்டாவது வால்வு. விளிம்பு தேஞ்சிருக்கு, செங்கப்பொடி வச்சுத் தேய்." கரியைத் தேங்காய்த் துருவியால் சுரண்டினாள். சுத்தியலுக்குப் பழஞ்சேலை சுற்றினாள். கல்யாணச் சீராக வந்த செம்புத் தவலையை மெத்தைக்கு அடியில் வைத்து அடித்துத் தகடாக்கி, எஞ்சின் மூடிக்குக் கீழே போடுகிற தகட்டை வெட்டி எடுத்தாள். அது ரிப்பேர் இல்லை, மல்லுக்கட்டு. பத்து விரலிலும் தோல் கிடையாது. எஞ்சினைத் திட்டினாள், உதைத்தாள், ஒருமுறை கடித்தும் பார்த்தாள்.

பத்தாம் நாள் ஒரு வால்வு ஸ்பிரிங் கையை விட்டுத் தெறித்தது. அவள் நெற்றியைப் பிளந்து, கூரை ஓட்டைத் துளைத்து, அடுத்த வீட்டு முற்றத்தில் மேய்ந்துகொண்டிருந்த உலகம்மாளின் கோழியைக் கொன்று, அதற்குப் பிறகும் அடங்காமல் தொழுவத்து மாட்டின் கொம்பில் மாட்டிக்கொண்டது.

செத்த கோழியைத் தூக்கிக்கொண்டு உலகம்மாள் வேலியோரம் வந்தாள். மூக்கை உறிஞ்சினாள்.

"ஏட்டி தங்கத்தாயி! அம்மை வெளையாடுத வீட்டுல இரும்பையா தட்டுத? எண்ணெயா நாறுது? உன் தாலிய ஆத்தா அறுக்காம போவாளாட்டி?"

தாலி என்ற சொல் வேலியைத் தாண்டியதுதான் தாமதம், தங்கத்தாயின் கையும் வேலியைத் தாண்டியது. இருவரும் முள்வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று கொண்டையைப் பிடித்து இழுத்ததில் வேலி பெயர்ந்து வந்துவிட்டது. உலகம்மாளுக்கு ஒரு பல் போயிற்று. தங்கத்தாய் கையில் ஒரு பிடி முடி மிஞ்சியது. அதை அவள் வீணாக்கவில்லை. மோட்டாரில் தண்ணீர் ஒழுகிய மூட்டில் திணித்துக் கோந்து பூசினாள். அதற்குப் பிறகு ஒரு சொட்டு ஒழுகியதில்லை.

உலகம்மாள் வாயில் ரத்தத்தோடு நேராகப் பரமசிவனிடம் போனாள். "ஒன் தம்பி பொண்டாட்டி வண்டியப் பூட்டுதா, பார்த்துக்கோ."

மறுநாள் உச்சிவேளையில் பரமசிவன் அரிவாளோடு கொல்லைச் சுவர் ஏறிக் குதித்தான். அம்மை வீட்டுக்குள் நுழையப் பயந்து, முற்றத்தோடு நின்று, மோட்டாரின் முன் டயரில் இரண்டு வெட்டு வெட்டினான். தங்கத்தாய் சாக்கில் கிடந்த வில்லுப்பட்டை இரும்பு ஒன்றை உருவிக்கொண்டு பாய்ந்தாள்.

"ஏட்டி, வெலகு! கையப் போட்டுருவேன்!"

"போடுங்க அத்தான்! ஒரு கை போனா இன்னொரு கை இருக்கு!"

போட்டுவிட்டான். அவள் வலது முழங்கைக்குக் கீழே சதை வாய் பிளந்தது. அவள் இடது கையால் வில்லுப்பட்டையை வீசினாள். அவன் விலாவில் இரண்டு எலும்பு போயிற்று. அடுத்த வீச்சில் ஒரு பல். அவன் மறுபடியும் அரிவாளை ஓங்கினான். இந்த முறை குறி அவள் கழுத்து.

அப்போது வாசற்படியில் சிவனணைந்தபெருமாள் வந்து நின்றான். உடம்பில் துணி இல்லை, வேப்பிலைதான். தலை முதல் கால் வரை முத்து உடைந்து வடிந்தது. கண் இருந்த இடத்தில் கண் இல்லை. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, சத்தம் வந்த திசையைப் பார்த்து நடந்து வந்தான். குரல் மட்டும் அடித்தொண்டையிலிருந்து வந்தது.

"யாருலே அது?"

பரமசிவன் அதைத் தம்பியென்று நினைக்கவில்லை. "ஆத்தா! தாயே!" என்று அலறி, அரிவாளைப் போட்டுவிட்டு, எட்டடிச் சுவரைத் தொடாமலே தாண்டினான். சிவனணைந்தபெருமாள் முற்றத்திலேயே விழுந்தான்.

தங்கத்தாய் காயத்தில் மஞ்சளை அப்பிக் கட்டினாள். புருஷனை இழுத்துக்கொண்டுபோய்ப் படுக்க வைத்தாள். வெட்டுப்பட்ட டயரைக் கோணியூசியால் தைத்து, உள்ளே தேங்காய்நாரைத் திணித்தாள். பிறகு ஒரு மரத்து வேப்பிலை முழுவதையும் ஒடித்து மோட்டாரின் கதவிலும் கூரையிலும் செருகினாள். இனிமேல் எவன் தொடுவான்?

ஆனி முப்பத்திரண்டாம் நாள், பூட்டி முடிந்தது. ஆனால் கிளப்பிப் பார்க்க முடியாது. மறுநாள் காலையில்தான் மூன்றாம் தண்ணீர். அதற்குமுன் அந்த வீட்டில் எஞ்சின் உறுமினால் ஊரே கல்லெடுத்து வரும். அன்று சாயங்காலம் புருஷன் அவளுக்குக் கடைசிப் பாடம் சொன்னான்.

"ஸ்டியரிங்குக்கு இடது பக்கம் ஒரு சின்னக் கம்பி இருக்குலா? கிளப்பும்போது அது மேல நிக்கணும். கீழ கெடந்துச்சுன்னா எஞ்சின் எதுக்கச் சுத்தும். முன்னால கைப்பிடியப் பிடிச்சுச் சுத்துதவன் கை ஒடிஞ்சுரும். இந்தா, பாரு." கோணிப்போயிருந்த தன் மணிக்கட்டைத் தடவிக் காட்டினான்.

"மேலதான நிக்கணும்? சரி."

ஆடி முதல் தேதி விடிந்தது. மூன்றாம் தண்ணீர் விட்டாயிற்று. சிவனணைந்தபெருமாளின் வலது கண் வெள்ளையாகத் திறந்தது. இடது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிந்தது. இனி அவன் ஓட்ட முடியாது. இருவரும் மோட்டாரைத் தெருவுக்குத் தள்ளினார்கள். கூட்டத்தார் வந்து நின்றார்கள். பரமசிவன் விலாவைக் கட்டிக்கொண்டு வந்தான். புருஷனுக்கு நிற்கவே தெம்பில்லை. இவளுடைய வலது கையோ கழுத்தில் கட்டிய துணியில் தொங்குகிறது. அதைப் பார்த்ததும் பரமசிவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எவம்லே சுத்துவான்? நானே சுத்துதேன். மூணு சுத்து. பிடிக்கலேன்னா வண்டி என்னுது. என்ன அண்ணாச்சி?"

"சரிதான்" என்றார்கள் கூட்டத்தார்.

"தாராளமா சுத்துங்க அத்தான்" என்று தங்கத்தாய் ஏறி ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்தாள். கதவெல்லாம் வேப்பிலை. பரமசிவன் அந்தப் பக்கமே வரவில்லை. ஒதுங்கிப் போய் முன்னால் நின்று கைப்பிடியைப் பிடித்தான்.

"ஏட்டி, கம்பி மேல இருக்கா?" என்று சிவனணைந்தபெருமாள் படியிலிருந்து கேட்டான்.

"மேலதான் இருக்கு" என்றாள்.

ஒரு சுத்து. இருமல்கூட இல்லை. இரண்டாம் சுத்து. ஒரு ஏப்பம். பரமசிவன் பல் போன வாயால் சிரித்துக்கொண்டு, மூன்றாவதை முழுப்பலத்தோடு இழுத்தான்.

வெடி வெடித்த மாதிரி ஒரு சத்தம். கைப்பிடி எதிர்ப்பக்கம் சுழன்றது. பச்சை மூங்கில் முறிகிற ஓசை. பரமசிவனுடைய கை முழங்கைக்குக் கீழே இரண்டு இடத்தில் மடங்கி, எலும்பு வெளியே எட்டிப் பார்த்தது. அவன் போட்ட கூச்சலுக்குத் திரிகூடமலைக் குரங்கெல்லாம் கேரளத்துப் பக்கம் இறங்கிவிட்டன.

"ஆத்தா உதைச்சுட்டா! ஆத்தா உதைச்சுட்டா!"

கூட்டத்தார் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தங்கத்தாய் கம்பியை மேலே தள்ளினாள், இறங்கினாள், இடது கையால் ஒரே இழுப்பு. எஞ்சின் பிடித்துக்கொண்டது. முன்னால் கிடந்த அத்தானை நாலு பேர் தூக்கிப் பின் சீட்டில் போட்டார்கள். தைத்த டயர் தடக்தடக்கென்று குதிக்க, வண்டி குற்றாலம் ரோட்டில் ஏறித் தென்காசி ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பியது. வழியெல்லாம் ஒவ்வொரு குலுக்கலுக்கும் பரமசிவன் அம்மனிடம் மன்னிப்புக் கேட்டான். தங்கத்தாய் ஒரு பள்ளத்தையும் விடவில்லை.

அதற்குப் பிறகு ஒன்பது சாரல் காலம் அவள்தான் அந்த மோட்டாரை ஓட்டினாள். சிவனணைந்தபெருமாள் முன் சீட்டில் உட்கார்ந்து, சத்தத்தைக் கேட்டே வியாதி சொல்லுவான். வருஷா வருஷம் ஆடி முதல் தேதி பரமசிவன் வந்து, கோணல் கையால் முன்பக்கம் வேப்பிலை கட்டி, விழுந்து கும்பிட்டுவிட்டுப் போவான்.

பரமசிவனை ஆஸ்பத்திரியில் விட்டுத் தங்கத்தாய் திரும்பிய அன்று சிவனணைந்தபெருமாள் ஒரு கேள்வி கேட்டான்.

"எதுக்க உதைச்ச சத்தம் எனக்குத் தெரியாதாட்டி? கம்பி கீழதான கெடந்துது?"

"ஆமா."

"மேல இருக்குன்னு சொன்னியே."

"நீரு கேட்டப்போ மேலதான் இருந்துச்சு. மூணாஞ்சுத்துக்குத்தான் எறக்குனேன்."

"அண்ணன் கையாச்சேட்டி அது."

தங்கத்தாய் தன் வலது கைக் கட்டை அவிழ்த்து, காயத்தின் மேல் அவன் விரலை வைத்தாள். அவன் நுனியிலிருந்து நுனி வரை தடவிப் பார்த்தான். ஒரு சாண் இருந்தது.

"ரெண்டாம் சுத்துக்கே எறக்கியிருக்கலாம்" என்றான்.