சாமியாடியின் மாத்திரை

தேனியில் ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் அந்த ஆளைப் பார்த்தேன். கடா மீசை, உலக்கை மாதிரிக் கை. ஆனால் இரண்டு விரலால் தன் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தபடியே இருந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது.

எங்கள் இருவருக்கும் ஒரே மாத்திரைதான். இதயத்தில் கோளாறில்லை, பதட்டத்தில் வரும் படபடப்பு, இது அதை அடக்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். நான் அதைப் பையில் திணித்தேன். அவர் அதையே முறைத்துக்கொண்டிருந்தார்.

"நான் ஊர்ல சாமியாடி, தம்பி. திருவிழா வந்தாலே, சாமி வராமப் போயிருமோன்னு நெஞ்சு அடிக்கும். அந்த அடியிலதான் ஆத்தாளே வருவா. இதப் போட்டு ஆத்தா வரலேன்னா ஊரு வேற ஆளப் பாத்துரும்."

"டாக்டர்கிட்ட கேட்டீகளா?"

"கேட்டேன். நெஞ்சுக்குத்தான் நான் பொறுப்புன்னுட்டாக."

"நெஞ்சு அடிச்சாத்தான் வரும்னா அது என்னய்யா சாமி?" என்றேன்.

சிரித்துவிட்டார். "வந்துதான் பாரேன்."

சாமி வராமல் போவதைப் பார்க்கத்தான் அவர் ஊர்த் திருவிழாவுக்குப் போனேன். என்னைக் கண்டதும், விழுங்கிவிட்டேன் என்று தொண்டையைத் தொட்டுக் காட்டினார். கொட்டு முழங்கியது. அவர் குதிக்கவில்லை, கத்தவில்லை. மெல்ல நடந்துவந்து ஒவ்வொருவருக்கும் திருநீறு பூசினார்.

"இந்த வருசம் ஆத்தா சாந்தமா வந்திருக்கா" என்று பக்கத்தில் ஒரு பெண் கும்பிட்டாள்.

எனக்கும் பூசிவிட்டுக் காதருகே குனிந்தார்.

"ஏலே, மாத்திரை போட்டியா?"

கேட்டது ஆத்தாளா, அந்த ஆளா என்று இன்னும் பிடிபடவில்லை. யாராக இருந்தாலும், இல்லையென்று சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை.