விரும்பித் தந்தவர்களின் பெயர்ப்பட்டியல்

எங்கள் பள்ளிக்கூடத்தில் துன்புறுத்தல் தடுப்புக் கொள்கையின் கீழ் நடந்த முதலாவது விசாரணையில் குற்றவாளி நான். அந்த விசாரணையின் குறிப்பை எழுதிய செயலாளரும் நான். குற்றவாளியின் பாதுகாவலர் வந்து கையெழுத்து வைக்க வேண்டும் என்று கொள்கையில் எழுதியிருந்தபடியால், வயலில் மருந்தடித்துக்கொண்டு நின்ற என் கணவரைக் கூப்பிட்டு எடுத்தார்கள். இதை இங்கே யாருக்குச் சொன்னாலும் பகிடி விடுகிறேன் என்கிறார்கள். பகிடி விடுகிற வயதெல்லாம் எனக்குத் தாண்டிவிட்டது.

பள்ளிக்கூடம் பூநகரிப் பக்கம். காலையில் ஒரு பஸ், பின்னேரம் ஒரு பஸ். நடுவில் என்ன நடந்தாலும் அங்கேதான் இருக்க வேண்டும். வலயக் கல்விப் பணிமனையிலிருந்து ஒரே உறைக்குள் இரண்டு சுற்றறிக்கைகள் வந்தன. ஒவ்வொரு பாடசாலையும் மாணவர் துன்புறுத்தலைத் தடுக்க ஒரு கொள்கை வகுத்து, முறைப்பாட்டுப் பெட்டி வைத்து, குழு அமைத்து, விழிப்புணர்வு நாளொன்றும் கொண்டாட வேண்டும் என்றது முதலாவது. எந்தச் செயற்பாட்டுக்கும் பெற்றோரிடம் காசு அறவிடக்கூடாது, விரும்பியவர்கள் விரும்பியதைத் தரலாம் என்றது மற்றது. பாடசாலை அதிபர் இரண்டையும் வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். ஒன்று விழா வை என்கிறது, மற்றது காசில்லாமல் வை என்கிறது என்றார்.

விழாவுக்குப் பொறுப்பு என் வகுப்பு, தரம் பதினொன்று. பெற்றோர் கூட்டம் கூடினோம். காசு அறவிட முடியாது என்று அதிபர் தெளிவாக விளங்கப்படுத்தினார். அதன்பிறகு எல்லாரும் விரும்ப வேண்டிய தொகை ஐந்நூறு ரூபாய் என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். வெள்ளிக்கிழமைக்கு முன்னர் விரும்பிவிட வேண்டும். காசு இல்லாதவர்கள் வேலை செய்து உதவலாம் என்று கடைசியில் நானே எழும்பிச் சொன்னேன். நல்லதொரு யோசனை சொன்ன பெருமையோடு இருந்தேன்.

அந்தக் காசில் பிரதம விருந்தினருக்கு மாலையும் பொன்னாடையும், பிள்ளைகளுக்குத் தின்னப் பணிசும், நெஞ்சில் குத்த ஆளுக்கொரு சின்னமும் வாங்கினோம். சின்னத்தில் ‘நான் யாரையும் நோகடிக்க மாட்டேன்’ என்று எழுதியிருந்தது. விழாவுக்குக் கோயிலின் ஒலிபெருக்கியை இரவல் வாங்கி, குழாயை வேப்பமரத்தில் கட்டினார்கள். கோயிலில் கட்டுகிற பழக்கத்தில் அதன் வாயை வயல்வெளிப் பக்கமே திருப்பிவிட்டார்கள்.

இனிமேல் வருவது முழுக்க என் பிழை. எங்கள் கோயில் திருவிழாவில் உபயகாரர்களின் பெயரை வாசிக்கிற குரல் என்னுடையது. பத்து வருடமாக வாசிக்கிறேன். உபயம் செய்தவரின் பெயரை ஊர் கேட்க வாசிக்காவிட்டால் அந்தப் புண்ணியம் சாமியிடம் போய்ச் சேராது என்பது எங்கள் சனத்தின் எண்ணம். ஒருமுறை ஒருவருடைய தகப்பன் பெயரின் முதலெழுத்தை மாற்றி வாசித்துவிட்டேன். மூன்று வருடம் அவர் எங்கள் வீட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. காசு தராதவர்களின் பெயரை வாசித்து அவமானப்படுத்தக்கூடாது என்று கொள்கையில் இருந்தது. அதனால் தந்தவர்களின் பெயரை நன்றியோடு வாசித்தால் யாருக்கு நோகும் என்று நினைத்தேன். கெட்டிக்காரி.

வகுப்பில் முப்பத்திரண்டு பிள்ளைகள். வரவு இடாப்பு ஒழுங்கிலேயே வாசித்தேன், கோயில் ராகத்தில், ஒவ்வொரு பெயருக்கும் கொஞ்சம் இடைவெளி விட்டு. பதினேழாவது பெயர் முடிந்து பத்தொன்பதாவது பெயர் வந்தபோது, முப்பத்தொரு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் கழுத்தைத் திருப்பி ஒரு பிள்ளையைப் பார்த்தார்கள். ஆறு வருடமாக அந்த இடாப்பைத் தினமும் காலையில் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். நான் அதைக் கண்டேன். கண்டும் இருபதாவது பெயரை வாசித்தேன்.

அன்று பின்னேரமே அவளுக்கு ‘இலவசம்’ என்று பட்டம் வைத்தார்கள். யாரையும் நோகடிக்க மாட்டேன் என்று நெஞ்சில் குத்திக்கொண்டே வைத்தார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை.

முறைப்பாட்டுப் பெட்டிப் பூட்டின் திறப்பு என்னிடம் இருந்தது. அதற்குள் இதுவரை மாங்கொட்டையும் இனிப்புச் சுற்றிய ரொபிப் பேப்பரும்தான் கிடைத்திருக்கின்றன. அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு கடதாசி இருந்தது. ‘பதினோராம் தர வகுப்பாசிரியர் எல்லாருடைய பெயரையும் வாசித்து என்னைக் காட்டிக் கொடுத்தார். இனி நான் வரமாட்டேன்.’ எழுதியவரின் பெயர் இல்லை. முறைப்பாட்டாளர் யாரென்பது இரகசியமாகப் பேணப்படும் என்று பெட்டியிலேயே ஒட்டியிருந்தோம். மூன்று நாளாக வகுப்பில் ஒரு கதிரைதான் வெறுமையாக இருந்தது.

கடதாசியை அதிபரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஏசுவார் என்று பார்த்தால் அவருடைய முகம் மலர்ந்துவிட்டது. மாதாமாதம் முறைப்பாடுகளின் எண்ணிக்கையைப் பணிமனைக்கு அனுப்ப வேண்டும். நாங்கள் பூச்சியம் என்று எழுத, உங்களுடைய கொள்கை வேலை செய்யவில்லை என்று அவர்கள் திருப்பி எழுதுவார்கள்.

“அப்பாடா, ஒண்டு வந்திட்டுது,” என்றார் அதிபர். “முறைப்படி செய்வம் ரீச்சர். ஒரு குறையும் வரக்கூடாது.”

குழுவில் மூன்று பேர்: அதிபர், பாடசாலை அபிவிருத்திச் சங்கச் செயலாளரான கடை முதலாளி, நான். குற்றஞ்சாட்டப்பட்டவர் குழுவுக்கு முன்னால் இருக்க வேண்டும் என்று விதி. கேள்வி எழுதும்போது மேசைக்கு அந்தப் பக்கக் கதிரையிலும், பதில் சொல்லும்போது இந்தப் பக்கக் கதிரையிலும் இருந்தேன். நாலைந்து தரம் மாறியதில் எனக்கு மூச்சு வாங்கியது. படிவத்தில் ‘துன்புறுத்தியவரின் வகுப்பு’ என்ற இடத்தில் தரம் பதினொன்று என்று நிரப்பினேன். பொழுதுபோக்கு என்ற இடத்தில் கோயில் தொண்டு என்று எழுத முதலாளி சொன்னார்.

என் கணவர் மருந்துத் தாங்கியைத் தோளிலிருந்து இறக்காமலே வந்து நின்றார். இவர் இனிமேல் இப்படி நடக்கமாட்டார் என்று பொறுப்பெடுக்கிறீர்களா என்று அதிபர் கேட்டார்.

“வீட்டிலயும் இவா இப்பிடித்தான் சேர்,” என்றார் அவர். “நான் சொல்லிச் சொல்லிக் களைச்சிட்டன்.” பிறகு கையெழுத்து வைத்தார்.

கோப்பு நிறைவாகிவிட்டது. அதிபர் அதைத் தடவிப் பார்த்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். அரசாங்கச் சாதாரண தரப் பரீட்சை விண்ணப்பத்தில் அந்தப் பிள்ளை கையெழுத்து வைக்கக் கடைசி நாள் வருகிற திங்கள், அவள் வராவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். அதற்கு இந்தப் படிவத்தில் இடமில்லை என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவரில் கோபிக்க எனக்கு என்ன தகுதி? வேலியே பயிரை மேய்ந்தது, வேலி நான்.

பஸ் இல்லாதபடியால் கணவர்தான் அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்டார். மலையகத்திலிருந்து முன்னொரு காலம் வந்து குடியேறிய குடும்பம். தாய் வயலில் கூலிவேலை செய்கிறவர். என்னைக் கண்டதும் அவர்தான் மன்னிப்புக் கேட்டார். பிள்ளை கடதாசி எழுதியது தப்பு, ஆடைத் தொழிற்சாலையில் ஆள் எடுக்கிறார்களாம், அனுப்பிவிடுகிறேன் என்றார். ஐந்நூறு ரூபாய் ஒரு பொருட்டில்லை என்று நான் தொடங்கவும் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“காசுக்குப் பதிலா வேலை செய்யலாம்னு நீங்கதானே டீச்சர் சொன்னீங்க? ரெண்டு நாளு அந்த மண்டபத்த நான்தான் கழுவுனேன். வாளி எங்க இருக்குன்னு நீங்கதான் காட்டுனீங்க. அன்னைக்கு வயல்ல நின்னு கேட்டுக்கிட்டே இருந்தேன், இவ பேரு வரும்னு.”

வாளி ஞாபகம் வந்தது. நீல வாளி, பிடி உடைந்தது. பற்றுச்சீட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் பட்டியல் எழுதியவள் நான். கழுவிய மண்டபத்துக்குப் பற்றுச்சீட்டு இல்லை. திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் உன் பெயரையும் அம்மாவின் பெயரையும் முதலாவதாக வாசிக்கிறேன் என்று, கதவடியில் நின்ற பிள்ளையிடம் சொன்னேன்.

“வேண்டாம் ரீச்சர்,” என்றாள். “என்ர பேரை வாசிக்கச் சொல்லி நான் எழுதேல்லை. ஒருத்தற்ற பேரையும் வாசிக்காதேங்கோ. அப்ப நான் வாறன்.”

திங்கட்கிழமை வந்தாள். வரிசையில் பதினெட்டாவதாக நின்றாள். எங்கள் கெட்ட நேரம், அன்று அதிபர் என்னிடம் இன்னொரு பட்டியலை நீட்டினார். வலைப்பந்துக் கம்பங்களுக்கு விரும்பித் தந்தவர்கள். கடை முதலாளியின் பெயர் முதலில். அவர் புதுச் சாரம் கட்டிக்கொண்டு முன்வரிசையில் இருந்தார். ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று வரிசையைப் பார்த்தேன். பட்டியலை மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன். கம்பங்கள் வந்திருக்கின்றன, எல்லாரும் விளையாடுங்கோ என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன். அதிபரின் முகத்தைப் பார்க்கவில்லை.

மத்தியானம் பெட்டிக்குள் இரண்டாவது முறைப்பாடு கிடந்தது. ‘என்னுடைய பெயர் வேண்டுமென்றே வாசிக்கப்படவில்லை. மன உளைச்சல்.’ பெயர் போடவில்லை. கடதாசியின் மறுபக்கத்தில் கடையின் விலைப்பட்டியல் இருந்தது. பாதிக்கப்பட்டவரின் வயது என்ற இடத்தில் ஐம்பத்தெட்டு என்று எழுதினேன். விசாரணைக் குழுவில் அவர் இருக்கலாமா என்று அதிபர் கொள்கையைப் புரட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்குத் தகவல் சொல்ல, தண்ணீர்ப் பம்பை நிறுத்திவிட்டு வருகிறேன் என்றார் என் கணவர்.

அந்த நேரம்தான் அவள் பரீட்சை விண்ணப்பத்தோடு வந்தாள். வகுப்பாசிரியர் சரிபார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டும். பெரிய எழுத்தில், கட்டம் கட்டமாகப் பெயரை நிரப்பியிருந்தாள். எழுத்துச் சரியா என்று பார்க்க, பழக்கதோஷத்தில் வாய்விட்டு வாசித்துவிட்டேன். ராகம்கூட வந்துவிட்டது.

“ரீச்சர்,” என்றாள் அவள், சிரிப்பை அடக்கிக்கொண்டு, “பெட்டி வெளியிலதான் இருக்குது.”

நான் வாயை மூடிக்கொண்டு கையெழுத்து வைத்தேன்.