பாதி மடித்த விரிப்பு

அம்மாவும் மகனும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஒரு படுக்கை விரிப்பைப் பாதி மடித்தது.

இரட்டைக் கட்டில் விரிப்பு. வெளிர் பச்சை. ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்குத் தையல் பிரிந்திருந்தது. அவர்களுடையது அல்ல, கீழ்வீட்டு சைக்கிள் கடைக்காரருடையது. மனைவி இறந்து நாலு மாதமாக அவர் கடையைத் திறக்கவில்லை. முந்தின நாள் அம்மா நேரே அவர் வீட்டுக்குள் போய், "எந்திரிங்க, இதைத் துவைக்கணும்" என்று அவர் படுத்திருந்த விரிப்பை உருவிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. கொடியிலிருந்து எடுத்து, ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்தார்கள்.

"இழு."

"இழுத்துட்டுதாம்மா இருக்கேன்."

"இதுக்குப் பேரு இழுக்கறதா? துணிக்கு வலிச்சிடுமோன்னு பாக்கறியா? நல்லா இழுடா."

உதறினார்கள். ஒரு மடிப்பு விழுந்தது. அடுத்ததற்கு அவன் குனிந்தபோது அம்மா கையை விட்டாள்.

"போதும். அப்படியே பையில போடு."

"பாதிதானே ஆகியிருக்கு?"

"மீதிய அங்க போய் மடிச்சுக்கலாம். சாயங்காலம் நானே கொண்டு போய்க் குடுத்துட்டு வரேன்."

அம்மாவுக்குக் களைப்பு என்று நினைத்துக்கொண்டான். கேட்கவில்லை. மதியம் மூன்றரை மணிக்கு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே அம்மாவின் இதயம் நின்றுவிட்டது.

இறுதிச் சடங்கு முடிந்து வந்த பிறகு கிட்டத்தட்ட மூன்று வாரம் அவன் படியிறங்கவில்லை. முதல் சில நாள் ஆட்கள் வந்தார்கள். அப்புறம் வருவது நின்றது. அவன் படுத்தே கிடந்தான். விடுப்பை இரண்டு முறை நீட்டித்தாகிவிட்டது. வெள்ளிக்கிழமை அவனுடைய மேலாளர் போனில் கூப்பிட்டார். "திங்கட்கிழமையாவது வருவியாப்பா? இதுக்கு மேல என்னாலயும் இழுக்க முடியாது." "பாக்கறேன் சார்" என்றான். எழுந்து பல் துலக்குவதே பெரும்பாடாக இருக்கிறவன் வேறு என்ன சொல்வான்?

ஒரு தங்கும் விடுதியின் சலவைப் பிரிவில் அம்மா முப்பத்தொரு வருடம் இருந்தாள். நாற்பத்திரண்டு அறை, அறைக்கு இரண்டு விரிப்பு. எந்தக் கறைக்குக் குளிர்ந்த தண்ணீர், எதற்குச் சுடுதண்ணீர் என்பதெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். மடிப்பு பிசகினால் பிரித்து மறுபடி மடிக்க வைப்பாள். அங்கே அவளுக்குப் பெயரே 'மடிப்பக்கா'தான்.

துக்கத்துக்கு அவள் கண்ட வைத்தியம் பிறந்ததும் அந்த விடுதியின் மொட்டைமாடியில்தான். அப்பா சாலை விபத்தில் போனபோது மகனுக்கு ஒன்பது வயது. மூன்று மாதம் அம்மா வேலைக்குப் போனாள், வந்தாள், அவ்வளவுதான். தலை சீவினாளா, சாப்பிட்டாளா என்பது அவளுக்கே தெரியாது. ஒருநாள் காயப்போட்ட விரிப்புகளுக்கு நடுவில் நின்று அழுதுகொண்டிருந்தபோது, தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வாட்ச்மேன் மேலே வந்துவிட்டார். அழுத முகத்தை மறைக்க வேறு வழி தெரியாமல், கையில் இருந்த விரிப்பின் இரண்டு முனையை அவரிடம் நீட்டினாள்.

"பிடிங்க."

அவரும் பிடித்தார். எதிரெதிரே நின்று இழுத்தார்கள், உதறினார்கள், கிட்டே வந்து முனை சேர்த்தார்கள், விலகினார்கள், மறுபடி கிட்டே வந்தார்கள். பன்னிரண்டு விரிப்பு. கடைசியில் வாட்ச்மேன், "நான் தொட்டியப் பாக்க வந்தேன்கறதே மறந்துபோச்சும்மா" என்றார். அம்மா சிரித்துவிட்டாள். மூன்று மாதத்தில் முதல் சிரிப்பு.

அன்றிலிருந்து அங்கே யார் முகம் தொங்கினாலும் மாடிக்கு அழைப்பு வரும். நிச்சயம் நின்றுபோன வரவேற்பறைப் பெண்ணும் போனாள், மகனோடு பேச்சு முறிந்த சமையல்காரரும் போனார். அம்மா வைத்தது ஒரே விதி. முதல் மூன்று விரிப்புக்கு 'என்ன ஆச்சு' என்று கேட்கக் கூடாது. நாலாவதில் கேட்கலாம். பெரும்பாலும் நாலாவதில் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

பிறகு மடிக்கும் இயந்திரம் வந்தது. அம்மா பத்து விரிப்பை மட்டும் தினமும் தனியே எடுத்துவைத்துக்கொண்டாள். விடுதி மேலாளர் கேட்டதற்கு, "மெஷின் துணிய மடிக்கும் சார். மனுஷங்க சுருக்கத்த அதால எடுக்க முடியுமா?" என்றாளாம். அவர் தலையில் அடித்துக்கொண்டு போனார். அடுத்த மாதம் அவரே ஒருநாள் மாடிக்கு வந்தார் என்பது வேறு கதை.

மகனுக்கு இதெல்லாம் கேலி. ஆலை ஆலையாகப் போய், குழாய்களில் இருக்கும் அழுத்தமானிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதிக்கும் வேலை அவனுக்கு. மாதத்தில் பாதி நாள் வெளியூர். அம்மா ஓய்வு பெற்றதும், தான் இல்லாத நாட்களில் என்ன செய்வாள் என்று யோசித்து, ஹால் சுவரில் தோள் உயரத்தில் இரண்டு கவ்விகளைப் பொருத்தினான். இரண்டு முனையைக் கவ்வியில் மாட்டினால் ஒற்றை ஆளே மடிக்கலாம். நேரம் வைத்தும் பார்த்தான்.

"ரெண்டு பேர் மடிச்சா ஆளுக்கு நாப்பது செகண்டு, மொத்தம் எம்பது. இதுல எழுபதுதான். பாரும்மா, பத்து செகண்டு மிச்சம்."

"மிச்சம் பண்ணி?"

"மிச்சம் பண்ணி... மிச்சம்மா."

"ரொம்ப நல்லா இருக்குப்பா" என்றாள் அம்மா. அடுத்த நாளே ஒரு கவ்வியில் குடையும் இன்னொன்றில் துணிப்பையும் தொங்கின.

சனிக்கிழமை காலை அவன் எப்படியோ எழுந்தான். சன்னலைத் திறந்தான். முகம் கழுவினான். தன் கட்டில் விரிப்பைத் துவைத்துக் காயப்போட்டான். எல்லாம் முகம் தொங்கினவர்களுக்கு அம்மா சொல்வதுதான். மதியம் குடையையும் பையையும் எடுத்து வைத்துவிட்டு, காய்ந்த விரிப்பைக் கவ்விகளில் மாட்டி மடித்தான். அறுபத்தெட்டு செகண்டு. மூலைக்கு மூலை கச்சிதம். மடித்ததைக் கையில் வைத்துக்கொண்டு வெற்றுச் சுவரைப் பார்த்து நின்றான். இழுத்தால் சுவர் பதிலுக்கு இழுக்கவில்லை. 'இதுக்குப் பேரு இழுக்கறதா' என்று கேட்கவில்லை. முன்னைவிட மோசமாக இருந்தது.

பைக்குள் பச்சை விரிப்பு அப்படியே கிடந்தது. இதையும் முடித்துவிடலாம் என்று ஒரு முனையைக் கவ்வியில் மாட்டியவன் நின்றான்.

மீதிய அங்க போய் மடிச்சுக்கலாம்.

ஒரு மானி முப்பத்தொரு வருடம் சரியாகக் காட்டிவிட்டு ஒருநாள் மாற்றிக் காட்டினால், மானியைச் சந்தேகப்படும் முன் குழாயில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவன் கற்ற பாடம். அம்மா எந்த விரிப்பையும் பாதியில் விட்டவள் அல்ல. அப்படியானால் அன்று அவள் கையை விட்டது களைப்பால் அல்ல. முழுதாக மடித்துக் கொடுத்தால் சைக்கிள் கடைக்காரர் வாங்கி வைத்துக்கொண்டு கதவைச் சாத்திவிடுவார். பாதி மடித்திருந்தால் இன்னொரு முனையை அவர்தானே பிடிக்க வேண்டும்?

அவன் விரிப்பைப் பையில் போட்டான். சட்டையை மாற்றினான். இருபத்து நாலு படி. எண்ணிக்கொண்டே இறங்கினான்.

மூன்றாவது முறை தட்டிய பிறகுதான் கதவு திறந்தது. ஒரு வாரத் தாடி.

"தம்பி... அம்மாவ எடுத்த அன்னைக்குக் கீழேயே நின்னுட்டேன். மேல வந்து உன் முகத்தப் பாக்கத் தைரியம் வரல."

"உங்க பெட்ஷீட், அண்ணே."

அவர் பைக்காகக் கை நீட்டினார். அவன் விரிப்பை எடுத்து இரண்டு முனையை அந்தக் கையில் திணித்தான்.

"பிடிங்க."

"எதுக்குப்பா?"

"அம்மா பாதிதான் மடிச்சாங்க."

அவர் முனைகளைச் சரியாகப் பிடித்துக்கொண்டார். பிறகு பின்னால் நகர்ந்து நின்றார். அவன் இழுத்தான்.

"தம்பி, மெதுவா. சைக்கிள் செயினா இது?"

மடித்து முடித்தார்கள். கோணலாகத்தான் வந்தது. அம்மா பார்த்திருந்தால் பிரிக்கச் சொல்லியிருப்பாள். அவன் உள்ளே எட்டிப் பார்த்தான். நாற்காலி தெரியாமல் துணி குவிந்திருந்தது.

"வேற விரிப்பு இருக்கா?"

"இருக்கு. துவைச்சதுதான், மடிக்கலை."

இரண்டாவதில் இருவரும் பேசவில்லை. மூன்றாவதில் கடைக்காரர் ஒருமுறை மூக்கை உறிஞ்சினார். அவன் கவனிக்காதது போல உதறினான். நாலாவதை எடுத்து முனை தேடும்போது, கேட்டவர் அவர்தான்.

"திங்கக்கிழமை வேலைக்குப் போறியா?"

"நீங்க கடை திறந்தா போறேன். என் சைக்கிள்ல ரெண்டு டயர்லயும் காத்து இல்ல."

"கடைச் சாவிய எங்க வெச்சேன்னே தெரியலப்பா."

"தேடுவோம். முதல்ல அந்த முனையப் பிடிங்க."