ரேடியோ அக்கா வாய் மூடிய அரை மணி நேரம்

படகுத்துறையில் அவளுக்கு ரேடியோ அக்கா என்று பெயர். புருஷன் ஒரு பாய்மரப் படகுக்குக் கேப்டன், இவள் அதில் சமையல். கோடை முழுக்கச் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு தீவு தீவாக, துறைமுகம் துறைமுகமாக ஆடி அசைந்து போய்வருவதுதான் பிழைப்பு. வெங்காயம் நறுக்கியபடியே ஓயாமல் பேசுவாள். "அதோ பாருங்க, வலது பக்கம் சிவப்பு மிதவை! நேரா ஒரு பாறை, அது மேல ரெண்டு பறவை!"

வாயாடி என்றார்கள். சொன்னவர்கள் வாயில் மண்ணைப் போட! அவள் பேசியது பயணிகளுக்காகவே இல்லை. மூன்று வருஷமாகக் கேப்டனுக்குக் கண் மங்கிக்கொண்டே வந்தது. காற்றைக் கன்னத்தாலும் பாயைக் காதாலும் கண்டுபிடித்துவிடுவார். மிதவையும் பாறையும் மட்டும் இவள் சொன்னால்தான் உண்டு. இது ஈ காக்கைக்குத் தெரியாது. தெரிந்தால் படகு போய்விடும். படகு போனால் இந்த மனுஷன் ஒடிந்துபோவார் என்று பயந்தே அவள் பேசினாள்.

இந்தக் கோடையில் ஒரு வங்கி மேனேஜரும் அவர் மனைவியும் வந்தார்கள். நாலாம் நாள் மேனேஜர் புத்தகத்தை மூடினார்.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. நிம்மதி வேணும்னுதான் கடலுக்கே வந்தோம். கொஞ்சம் பேசாம வரலாமே?"

"சரிங்க சார்" என்றவள் இரண்டு நிமிஷம் தாங்கவில்லை. "அங்க பாருங்க, பச்சை மிதவை..."

மேனேஜர் கேப்டன் பக்கம் திரும்பி, "என்னங்க இது?" என்றார்.

கேப்டனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "சொன்னா கேக்க மாட்டியா? வாயை மூடு! இந்தத் தண்ணி எனக்குத் தலைகீழ்ப் பாடம்!"

யாருக்காகத் தொண்டை கிழியக் கத்துகிறேன்? பட்டால்தான் புத்தி வரும் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டு, உருளைக்கிழங்கோடு உட்கார்ந்துவிட்டாள். அரை மணி நேரம் மூச்சுவிடவில்லை. "இப்பதான் கடல் சத்தமே கேக்குது" என்று மேனேஜர் மனைவி சந்தோஷப்பட்டாள்.

நிமிர்ந்து பார்த்தால் துறைமுகத்தின் வாசல். சுவரோரம் பிள்ளைகள் நீந்திக்கொண்டிருந்தார்கள். படகு அவர்களை நோக்கியே போய்க்கொண்டிருந்தது. கேப்டன் சிரித்த முகமாகச் சுக்கானைப் பிடித்திருந்தார். ஐயோ, சுற்றி வளைத்துச் சொல்ல ஏது நேரம்?

"ஏங்க! தண்ணியில பிள்ளைங்க! இடது பக்கம் திருப்புங்க! இன்னும், இன்னும்!"

கைக்கெட்டும் தூரத்தில் படகு விலகிப்போனது. ஒரு பிள்ளைக்கும் கீறல்கூட இல்லை.

"எத்தனை பேரு?" என்று கேப்டன் பெண்டாட்டியைக் கேட்டார். கேட்ட பிறகுதான் மேனேஜர் பக்கத்தில் நிற்பது நினைவுக்கு வந்தது.

"ஏழு" என்றாள். "பாவி நான், கோவத்துல பாக்காம இருந்துட்டேன்."

"நீ என்ன பண்ணுவ? வாயை மூடச் சொன்னவன் நான்தானே."

படகைக் கட்டியதும் அவரே துறைமுக அலுவலகத்துக்குப் போய், கண் தெரியவில்லை என்று சொல்லி, உரிமத்தை மேசைமேல் வைத்துவிட்டார். வெளியே படிக்கட்டு. அத்தனை படகுக்காரர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் அவர் கையைப் பிடித்தாள். கல்யாணமான நாளிலிருந்து நாலு பேர் முன்னால் கையைத் தொட்டால் உதறிவிடுகிற மனுஷன், அன்று உதறவில்லை. இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அந்தப் படியிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.